சுருண்ட நூல்

ஓசூரில் எங்கள் அடுக்ககத்துப் பெண்கள் ஞாயிறுதோறும் குரோஷா பின்னக் கூடுகிறோம். நேற்று எனக்குக் கண்ணி ஒன்று தப்பியது.

"உருவிட்டாப் போச்சுக்கா" என்றாள் சொல்லித்தரும் பெண். இழுத்தேன். சரசரவென்று பிரிந்தது. அம்மா பிரித்தபோது கேட்ட அதே சத்தம்.

நான் சிறுமியாக இருந்தபோது, தன் வயிற்றுப் பிள்ளைக்காக அம்மா மஞ்சள் ஸ்வெட்டர் பின்னினாள்.

"பொறக்காத புள்ளைக்குத் துணி எதுக்குடி?" என்று அதட்டினாள் பக்கத்து வீட்டு அக்கா.

"ஓசூர்க் குளுருக்கு அதெல்லாம் தெரியுமாக்கா?" என்று சிரித்தாள் அம்மா.

குழந்தை இறந்தே பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா, என் கைகளை நீட்டச் சொல்லி, ஸ்வெட்டரைப் பிரித்து அவற்றில் நூலைச் சுற்றினாள்.

"உனக்குக் குல்லா ஆகும் சாமி."

நனைத்துக் காயவைத்தும் நூலின் சுருள் நிமிரவில்லை. அதிலேயே பின்னிய குல்லாவைத் தினமும் என் காதுவரை இழுத்துவிடும்போது, அம்மா என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள்.

"என்னக்கா நின்னுட்டீங்க?" என்றாள் சொல்லித்தரும் பெண்.

"நூல் சுருண்டிருக்கும்மா."

"பின்னப் பின்னச் சரியாயிடும்."

தலையாட்டினேன்.