நான் போட்ட சைபர்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கோலா சிலாங்கூரில் ஒரு கிளினிக்கில், என் மனைவிக்காக நான் ஒரு கேள்விப் பாரத்தை நிரப்பினேன். நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் காந்துகிறது.

சர்க்கரைக்கு ரத்தம் பார்க்கத்தான் அவளை அழைத்துப் போனேன். உடம்பு இளைத்திருக்கிறது, தூக்கமும் இல்லை என்றதும், டாக்டர் பின்பக்கம் இருந்த மனநல ஆலோசனை அறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே இருந்த நர்ஸ், ஒரு மலாய்க்கார மிஸ்ஸி, ஒரு தாளைக் கொடுத்தார். ஒரு வாரமாக மனது எப்படி இருந்தது என்று வரிசையாகக் கேள்விகள். இல்லவே இல்லை என்றால் சைபர், எந்நேரமும் என்றால் மூன்று. எல்லாம் மலாயில் இருந்தது. என் மனைவி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள். மீன் வாங்கும் அளவுக்கு மலாய் பேசுவாள், படிக்க வராது. கணவரே படித்துச் சொல்லட்டும் என்று மிஸ்ஸி பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"எதுலயும் சந்தோஷமே இல்லாத மாதிரி இருந்துச்சான்னு கேக்குறாங்க."

"ஆமாங்க. தினமுந்தான். மூணு போடுங்க."

"காரணமே இல்லாம பயம்?"

"நீங்க வேலைக்குப் போனதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். சமைக்கக்கூட எந்திரிக்க முடியாது. அப்படியே உக்காந்திருப்பேன்."

தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்து அசாம் ஜாவா பக்கம் வீடு வாங்கி வந்தோம். மகள் கல்யாணமாகி ரவாங் போய்விட்டாள். அதன்பிறகு பகல் முழுக்க இவள் ஒருத்திதான். இதெல்லாம் எனக்குத் தெரியாததா?

அவள் மூன்று என்றாள். நான் தாளை என் பக்கம் சாய்த்துக்கொண்டு சைபரை வட்டமிட்டேன். எல்லாமே சைபராக இருந்தால் சந்தேகம் வருமே என்று இரண்டு இடத்தில் ஒன்று போட்டேன். அந்தப் புத்திக்கு மட்டும் குறைச்சலில்லை.

கவுண்டரில் இருந்த பெண் எங்கள் பழைய தோட்டத்துக்காரி, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பைத்தியம் என்ற பேச்சு ஊரைச் சுற்றிவர எத்தனை நாளாகும்? ஆனால் அது பாதிதான். அவள் சொன்ன ஒவ்வொரு பதிலும் என்னைத்தான் காட்டியது. வேலை விட்டு வந்தால் போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருவேன். சோற்றுக்குத்தான் வாயைத் திறப்பேன். அதை ஒரு மிஸ்ஸி தெரிந்துகொண்டு என்னை ஏற இறங்கப் பார்ப்பதா? இத்தனைக்கும் நான் செம்பனை எண்ணெய் ஆலையில் எடை எழுதும் கிராணி. லோரி எடையில் பத்து கிலோ பிசகினால் டிரைவரோடு மல்லுக்கு நிற்கிறவன்.

மிஸ்ஸி திரும்பி வந்து கூட்டிப் பார்த்தார். "நோர்மல் லா, பாகுஸ்," என்று சிரித்தார். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். அந்த மலாய் என் மனைவிக்கும் புரிந்தது.

காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"அப்ப எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமாங்க?"

"இருக்கும்," என்றேன்.

"நாந்தான் பெருசா எடுத்துக்கிட்டேன் போல. பாவம், உங்க லீவு வேற வீணாப் போச்சு."

அடுத்த நாளிலிருந்து விடியுமுன் எழுந்து வீட்டைத் துடைத்தாள். மூன்று வகை கறி வைத்தாள். கூட்டிக்கொண்டிருக்கும்போதே துடைப்பத்தோடு தரையில் உட்கார்ந்துவிடுவாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, "ஒண்ணுமில்லங்க, நோர்மல்தான்," என்பாள். என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். ஆனாலும் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை, வெட்கங்கெட்டவன். கடைசியில் மகள் போன் செய்தாள்.

"அம்மா ஏம்ப்பா போன்ல சும்மா சும்மா சிரிக்கிறாங்க? எனக்குப் பயமா இருக்குப்பா."

மறுநாளே கிளினிக்கில் மறுபடி நேரம் வாங்கினேன். கார் நிறுத்துமிடத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் மூணுன்னு சொன்னதெல்லாம்?"

"சைபர் போட்டேன்."

"அழுவாச்சி வருதான்னு கேட்டீங்களே, அதுக்கு?"

"அதுக்குந்தான்."

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. திட்டவில்லை.

"பாத்ரூம்ல பைப்பத் தொறந்து விட்டுட்டுத்தான் அழுவேன், உங்களுக்குக் கேக்கக்கூடாதுன்னு. கேட்டிருக்காதுதானே?"

எனக்கு அவளே ஒரு வழி விட்டுக்கொடுத்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

"கேட்டுச்சு," என்றேன். "தினமும் கேட்டுச்சு."

தலையை ஆட்டிக்கொண்டாள். சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். நானும் இறங்கப் போனேன்.

"நீங்க வர வேணாங்க," என்றாள். "எனக்குத் தெரிஞ்ச மலாய்ல நானே சொல்லிக்கிறேன்."

கார்க் கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.