உரிக்காத ஒயர்

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் அவருக்குப் ‘பெட்டி சார்’ என்று பெயர். நடத்தும் பாடம் ‘செய்து கற்றல்’. பதினெட்டு வருடமாக அதை எப்படி நடத்தினார் தெரியுமா? நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல, மாணவர்கள் எழுத வேண்டும். “கையால் தொட்டுச் செய்த பாடம் காலத்துக்கும் மறக்காது. முற்றுப்புள்ளி. அடிக்கோடு போடுங்கள்.” அடிக்கோடு போடாவிட்டால் அரை மதிப்பெண் போச்சு. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

செய்து பார்க்கப் பொருளே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பேட்டரி, பல்பு, ஒயர், சுவிட்ச் எல்லாம் போட்டுச் சீல் வைத்த நாற்பது பெட்டிகள் இரும்பு அலமாரியில் இருந்தன. சாவி அவர் சட்டைப் பையில். ஆய்வுக்கு வருகிறவர்கள் வருடா வருடம் பெட்டிகளை எண்ணுவார்கள். சீல் உடையாமல் இருந்தால் ‘நல்ல பராமரிப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அந்த இரண்டு வார்த்தைக்காக மனுஷன் ஒருவரையும் அலமாரிப் பக்கம் அண்டவிட்டதில்லை. தானும் ஒரு பெட்டியைக்கூடத் திறந்ததில்லை. ஆனால் அந்தப் பாடத்துக்குப் புத்தகம் எழுதியவர் அவர்தான்.

பிள்ளைகள் ஆளான பிறகு, முப்பத்தொன்பது வயதில், அவர் மனைவிக்கு டீச்சராகும் ஆசை வந்தது. அவர் வகுப்பிலேயே முன் பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். வீட்டில் “என்னங்க”, வகுப்பில் “சார்”. சில நாள் வாய் குழறி வகுப்பில் “என்னங்க” என்றுவிடுவாள்; பின் பெஞ்சு குலுங்கிச் சிரிக்கும். ஸ்கேல் வைத்து அவள் போடும் மின்சுற்றுப் படம் அச்சடித்த மாதிரி இருக்கும். முதலாவதாகத் தேறினாள். ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலையும் கிடைத்தது. வருடக் கடைசியில் அதிகாரிகள் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

அவளுக்காக மனசு வந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். பேட்டரி பழசாகியிருக்கும் என்று அவள் கடையில் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

“என்னங்க, ஒரு தடவை பிரிச்சுச் செஞ்சு பாத்துடறேனே?”

“சும்மா இரு. அதிகாரிங்க முன்னாடி சீலை உடைச்சாதான் மதிப்பு. நான் போட்டுக் குடுத்த படம் இருக்குல்ல? அதே மாதிரிதான்.”

மறுநாள் ஆறாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பின்னால் இரண்டு அதிகாரிகள். புத்தகம் எழுதியவர் என்று மரியாதை செய்து பெட்டி சாருக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் சீலை உடைத்து, படத்தில் இருந்தபடியே ஒயரைப் பேட்டரியில் வைத்தாள், பல்பில் வைத்தாள், சுவிட்சைப் போட்டாள். பல்பு எரியவில்லை. திருப்பி வைத்தாள், அழுத்திப் பிடித்தாள். ஊஹூம்.

பல்பு ஃபியூஸ் போயிருக்கும் என்று பெட்டி சார் நினைத்தார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார்.

“மிஸ், ஒயரோட தோலை உரிக்கவே இல்லையே நீங்க!” என்றாள் முன்வரிசைச் சிறுமி. பல்லால் கடித்துப் பிளாஸ்டிக்கை இழுத்துச் செம்பைத் திரித்து வைத்தாள். பளிச்சென்று எரிந்தது. வகுப்பே கைதட்டியது.

பெட்டி சாருக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஒயருக்குத் தோல் உண்டு, அதை உரிக்க வேண்டும் என்பது அவர் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதில் ஒயர் என்பது வெறும் கோடு. பதினெட்டு வருடத்துப் பாடத்தைப் பதினோரு வயதுப் பெண் பல்லால் கடித்துச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். எத்தனை பேரை இப்படி அனுப்பி வைத்திருக்கிறோம் என்று எண்ணியபோது அவருக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மூத்த அதிகாரியம்மா எழுந்தார். “ஏம்மா, ஒரு தடவையாவது கையால செஞ்சு பாத்தீங்களா?”

அவள் ஒரே ஒரு தரம் கணவரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். “இல்லைங்க. சொல்லிக் குடுத்தாங்க, நான்தான் அக்கறையாச் செய்யல. தப்பு என்மேலதான்.”

எழுந்து நின்று, ‘தப்பு என்னுடையது’ என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

அதிகாரியம்மா அவர் பக்கம் திரும்பினார். “பாருங்க சார், வீட்லயே இவ்வளவு பெரிய புத்தகம் எழுதினவர் இருக்கீங்க. அதையாவது ஒழுங்காப் படிச்சிருக்கலாம் இவங்க.”

பெட்டி சார் ஆமாம் என்று தலையாட்டினார்.

சாயங்காலமே கடிதம் கைக்கு வந்துவிட்டது. வேலை இல்லை. இருவரும் நடந்தே திரும்பினார்கள். பாதி வழியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மேலிடத்துக்கு ஒரு மனு போடலாம். நான் சொல்றேன், நீ எழுது” என்றார்.

அவள் நின்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

“நீங்க எழுந்து பேசுவீங்கன்னு நான் நினைக்கலைங்க. உங்க மானம் போகக் கூடாதுன்னுதான் நானே பழியை ஏத்துக்கிட்டேன். அது போகட்டும். அந்தம்மா என்னைச் சொன்னப்போ நீங்க எதுக்குங்க தலையை ஆட்டினீங்க?”

அவள் அவரை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.