மனோர் பார்க் மொறிஸ் மைனர்

ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் ஒரு கணம் பிடித்தது. உடனே அணைந்தது.

2009 சித்திரை முழுவதும் பின்வளவுத் தார்ப்பாய்க் கொட்டகைக்குள் இருந்து இந்தச் சத்தம்தான். வேலையால் வந்து ஒழுங்கைக்குள் திரும்பும்போதே லோஜினிக்குக் கேட்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை அதை வாயால் செய்துகாட்டப் பழகிவிட்டது.

கொட்டகைக்குள் இருந்தவர் அவளுடைய அப்பா, நித்தியானந்தன். யாழ்ப்பாணத்தில் ஹயர் கார் ஓடியவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை. சேலைன் போத்தலில் கிடந்த கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினைப் பிடிக்கவைத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார். பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்களும் பிரேதங்களும் அவருடைய ஒரே மொறிஸ் மைனரில்தான் போனார்கள். பிறகு குடும்பத்தோடு சுவிஸ் போனார். அங்கே ஹோட்டலில் கோப்பை கழுவினார். அதற்குப் பிறகு லண்டன், றோம்போர்ட் றோட்டில் டயர்க்கடை. வேலைக்குப் போவார், வருவார், அதிகம் பேசமாட்டார். பழுதான ஒன்றைக் கண்டால் மட்டும் முகம் தெளியும்.

2006இல் அம்மா நகுலேஸ்வரி, தன் தங்கையின் கலியாணத்துக்குக் கிளிநொச்சி போனாள். அப்போது போர்நிறுத்தம், பாதை திறந்திருந்தது. கலியாணம் முடிந்தது. ஆவணியில் மறுபடி சண்டை மூண்டு பாதை பூட்டப்பட்டது. அம்மா உள்ளே அகப்பட்டுவிட்டாள்.

அந்த மாரிக் குளிரில்தான் அப்பா கென்ட் பக்கம் ஒரு பண்ணையில் துருப்பிடித்துக் கிடந்த மொறிஸ் மைனரை இழுத்துவந்தார். வேலியைக் கழற்றித்தான் வளவுக்குள் ஏற்ற முடிந்தது. பழைய எஞ்சின் இறுகிப்போயிருந்தது. அதை எறிந்துவிட்டு, அடிபட்ட சுசூகி ஜிம்னி ஒன்றின் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் உடைசல் யார்ட்டில் வாங்கினார். எஞ்சின் உட்காரும் தாங்கிகளைத் தானே வெட்டி ஒட்டினார், றேடியேற்றரை முன்னுக்குத் தள்ளினார், பிரேக்கை மாற்றினார். அம்மாவை ஹீத்றோவில் இருந்து இதில் ஏற்றிவருவதுதான் திட்டம்.

தொடர்பு கிடைக்கும்போது அம்மா தொலைபேசியில் சிரிப்பாள். "இஞ்சை ஷெல் விழுகுது, நீங்கள் அங்கை பெயின்ற் அடிக்கிறியள். அந்தத் தகரத்திலை நான் ஏறமாட்டன், சொல்லிப்போட்டன்."

"ஏறாட்டி நடந்து வாரும்," என்பார் அப்பா.

2009 தை மாதத்தோடு அழைப்பு நின்றது.

அதன் பிறகு ஒருநாள், ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "இது பிடிச்சு அணையாமல் ஓடிச்சுதெண்டா அம்மா உயிரோடை இருக்கிறா. நான் மனசிலை அப்பிடித்தான் வைச்சிருக்கிறன்."

"அப்பா, இது எஞ்சின்."

"ஓம். எஞ்சின் பொய் சொல்லாது."

லோஜினி எலக்ட்றோனிக்ஸ் படித்தவள்.

சித்திரையில் சனம் எல்லாம் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றது. லோஜினியும் வேலை முடிய அங்கே போனாள். அப்பா ஒருநாள் போனார், கத்திக் கத்திக் குரல் போய்த் திரும்பிவந்தார், பிறகு போகவில்லை. முன்வீட்டு யோகராஜா ஒழுங்கையில் வந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஊரே வெஸ்ட்மின்ஸ்ரரிலை நிக்குது, நீர் நட்டும் போல்ட்டுமா நிக்கிறீர். மனிசி உள்ளுக்கை எண்டு ஒரு பதைப்பு வேண்டாமோ?"

"அங்கை நான் கத்தினா ஆருக்கு அண்ணை கேக்கும்?" என்றார் அப்பா. மறுபடியும் ஸ்டார்ட்டரைச் சுற்றினார்.

பெற்றோல் வந்தது. பிளக்கில் நெருப்பு வந்தது. சிலிண்டரில் அமுக்கமும் சரி. எல்லாவற்றையும் இரண்டாம் முறை கழற்றிப் பூட்டினார். சாப்பாடு குறைந்தது. ஷேவ் எடுப்பதை விட்டார். எஞ்சின் பிடித்து அணையும் ஒவ்வொரு முறையும் அவருடைய தோள்கள் கொஞ்சம் இறங்குவதை லோஜினி கண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கமுடியாமல் மடிக்கணினியோடு கொட்டகைக்குள் போய், எஞ்சின் கொம்பியூட்டரில் வயரைக் கொழுவினாள்.

காரணம் உடனே தெரிந்தது: எஞ்சின் தன் சாவியைத் தேடியது.

"அப்பா, ஜிம்னியின்ரை திறப்பு எங்கை?"

"என்ன திறப்பு? நான் மொறிஸின்ரை சுவிச்சையெல்லோ போட்டிருக்கிறன்."

"திறப்புக்குள்ளை ஒரு சிப் இருக்கு. அதைக் காணாட்டிக் கொம்பியூட்டர் பெற்றோலை வெட்டும். களவுக்குப் பயத்திலை அப்பிடிச் செய்யிறவை."

அப்பா அவளையே பார்த்தார். அவருடைய ஊரில் திறப்பு கதவுக்கு மட்டும்தான். எஞ்சினுக்கு இரண்டு வயர் போதும். போன மார்கழியில், எஞ்சினை இறக்கிய அன்று, யார்ட்காரன் கம்பியில் கட்டிக் கொடுத்த திறப்பை அவர் பழைய இரும்போடு வாளிக்குள் போட்டிருந்தார். இரும்பு எடுப்பவன் எப்போதோ கொண்டுபோய்விட்டான். ஜிம்னியின் உடலும் நசுக்கப்பட்டுவிட்டது.

"நானோ எறிஞ்சனான்?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு, "நான்தான் எறிஞ்சனான்," என்றார்.

"அது பிரச்சினை இல்லை அப்பா. கொம்பியூட்டரிலை இருக்கிற அந்தப் பூட்டை அழிக்கலாம். இல்ஃபோர்டிலை ஒருத்தன் செய்யிறான்."

அவள் சொன்னது அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

வைகாசியில் போர் முடிந்துவிட்டதாகத் தொலைக்காட்சி சொன்னது. அதற்கடுத்த வாரம், பூட்டை அழித்த எஞ்சின் கொம்பியூட்டரைப் பையில் வைத்துக்கொண்டு லோஜினி 25ஆம் இலக்க பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு. அகதி முகாமில் இருந்து, யாரோ ஒருவரின் தொலைபேசியில், கிளிநொச்சியில் கலியாணம் கட்டிய சித்தி.

"பிள்ளை, அக்கா சித்திரையிலையே போயிட்டா. மாத்தளனிலை. தண்ணி அள்ளப் போன இடத்திலை. நாங்கள்தான் மண்ணுக்குள்ளை தாட்டனாங்கள். சொல்ல வழி இருக்கேல்லை, பிள்ளை."

பஸ் நிறைந்திருந்தது. லோஜினி அழவில்லை. எதை முதலில் செய்வது என்று யோசித்தாள். எஞ்சினை முதலில் பிடிக்கவைத்தால், அம்மா இருக்கிறாள் என்று அப்பா நம்புவார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பிறகு சொல்லவேண்டும். செய்தியை முதலில் சொன்னால், திறப்பை எறிந்த தன் கைதான் அவளைக் கொன்றது என்பார். சொல்லாமலே விடலாம் என்றும் ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் இறங்கவேண்டிய தரிப்பைப் பஸ் தாண்டிவிட்டது.

அப்பா வளவு வாசலிலேயே நின்றார். "செய்து தந்தவனோ?"

"ஓம். அப்பா, சித்தி போன் எடுத்தவ."

அவர் கையைத் துணியில் துடைக்கத் தொடங்கினார். அவள் சொல்லி முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எப்ப?"

"சித்திரையிலை."

"திறப்பை நான் மார்கழியிலை எறிஞ்சனான்."

லோஜினி அவரைக் கடந்து நடந்தாள். கொட்டகைக்குள் போனாள். கொம்பியூட்டரைப் பொருத்தினாள், பற்றறியைக் கொழுவினாள், சுவிச்சைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. அணையவில்லை. நடுக்கமில்லாமல், ஒரே சீராக ஓடியது. மூன்று மாரி அவர் செய்த வேலையில் ஒரு பிழையும் இல்லை.

"பாருங்கோ!" அவள் கத்திச் சொன்னாள். "அம்மா இல்லை. இது ஓடுது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை அப்பா. ஒரு பூட்டை அழிச்சது, ஓடுது, அவ்வளவுதான். நீங்கள் ஒண்டும் செய்யேல்லை."

அப்பா உள்ளே வந்து குனிந்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் மாறியிருக்கவில்லை.

"பிந்திப்போச்சு, பிள்ளை," என்றார். "இது சித்திரைக்கு முதல் ஓடியிருக்கவேணும்."

அவளிடம் வேறு நிரூபணம் இருக்கவில்லை.

சத்தம் கேட்டு யோகராஜா ஒழுங்கையால் ஓடிவந்தார். வேலிக்கு மேலால் அவருடைய முகம் முழுக்கச் சிரிப்பு. "அட, பிடிச்சிட்டுதே! விண்ணன் ஐசே நீர், பெரிய கெட்டிக்காரன்! இனி நகுலேஸ்வரிதான் வந்து ஏறவேணும்!"

இருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. அவர் வேலியைப் பிடித்தபடி நின்றார்.

லோஜினி சுவிச்சுக்குக் கையை நீட்டினாள். அப்பா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"நிப்பாட்டாதை."

பெற்றோல் தொட்டி இன்னும் பொருத்தப்படவில்லை. பெற்றோல் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் கானில் இருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அது எவ்வளவு நேரத்துக்குக் காணும் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் அவளுடைய கையை விடவில்லை.