சாட்சி சொல்லத் தெரியாத வேட்பாளர்

வெறுங்கையோடு பிரேசிலின் போசோ ஆல்டோ ஊருக்கு வந்து, பஞ்சர் ஒட்டியே மூன்று டயர்க் கடைக்கு முதலாளியானவர் ஜெனிவால்டோ. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். ஆனாலும் எந்தத் தேர்தலிலும் யார் ஜெயிப்பார்கள் என்று அவரைக் கேட்காமல் ஊரில் யாரும் பந்தயம் கட்டியதில்லை. ஊர்ச் சர்ச் சபையில் மூப்பர் வேறு.

அந்த வருஷம் மேயர் தேர்தலில் அவர் மனைவி நொயேமியாவே நின்றாள். ஊரில் பாதிப் பேருக்கு ஞாயிறு பள்ளியில் வேதம் சொல்லிக் கொடுத்தவள். எதிரே நின்றவன் வால்டெசிர். கரும்புச் சாராயம் காய்ச்சிச் சம்பாதித்துவிட்டு, தேர்தல் நெருங்கியதும் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டவன்.

சபையின் ஓட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் மேயர் நாற்காலி. தேர்தலுக்கு முந்தின ஞாயிறு இருவருமே, ஆண்டவர் தங்களைப் பாவத்திலிருந்து மீட்ட கதையைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்லலாம் என்று பாஸ்டர் அறிவித்துவிட்டார். ஜெனிவால்டோ அன்று ராத்திரியே மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏதாவது ஒரு பாவத்தைச் சொல்லேன், நொயேமியா. சின்ன வயசுல ஒரு வாய் சாராயம்?"

"அந்த வாசனையே எனக்கு ஆகாது."

"கார்னிவல்ல ஆடினது?"

"அன்னிக்குக் காய்ச்சல்."

"எனக்கு முன்னாடி வேற எவனாவது..."

"இருந்திருந்தா உங்ககிட்ட வந்து மாட்டியிருப்பேனா?"

ஞாயிற்றுக்கிழமை அவள் மைக்கைப் பிடித்தாள். "ஆஸ்பத்திரிக்கு டாக்டர் தினமும் வரணும். ஆத்துப் பாலத்துக்குக் கைப்பிடி போடணும். இந்த ரெண்டையும் நான் செய்வேன்" என்றாள். சபை மின்விசிறியை அண்ணாந்து பார்த்தது. யாரோ ஒருவர் தும்மினார். ஆமென் என்று சொல்ல ஒரு நாதியில்லை.

அடுத்து வால்டெசிர் வந்து முழங்காலில் விழுந்தான். "நான் குடிச்சேன். சேவச்சண்டையில பொண்டாட்டி தோட்டை வெச்சுத் தோத்தேன். அந்தப் பாலத்துக் கைப்பிடிக்குக் கான்ட்ராக்ட் எடுத்து, காசைத் தின்னதே நான்தான்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

கூரை அதிர்ந்தது. முதல் "ஸ்தோத்திரம்" ஜெனிவால்டோவின் வாயிலிருந்துதான் வந்தது. வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. குழியில் கிடந்து எழுந்தவன் என்றால் அவருக்கு அப்படி ஓர் உருக்கம். தானும் அப்படி எழுந்தவன்தானே.

வெளியே வந்தபோது சீஸ் உருண்டை விற்கும் கிளெயூசா நியாயத்தை உடைத்துச் சொன்னாள். "நொயேமியா அக்கா நல்லவங்கதான் மூப்பரே. ஆனா அவங்ககிட்ட ஆண்டவருக்கு என்ன வேலை இருந்துச்சு சொல்லுங்க?"

ஓட்டு இயந்திரத்தின் முன்னால் நின்றபோதும் அந்தக் கேள்விதான் ஜெனிவால்டோவின் காதில் ஒலித்தது. வால்டெசிர் சுலபமாக ஜெயித்தான்.

வீட்டில் நொயேமியா பீன்ஸ் பானையை இறக்கிக்கொண்டே கேட்டாள். "நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"மனசாட்சிப்படி."

"மனசாட்சிக்குப் பேர் இருக்குமே."

மூப்பர் பொய் சொல்லக் கூடாது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலைக்கு அகப்பை குறி தவறாமல் வந்து சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே நொயேமியா மைக்கைப் பிடித்தாள். "நான் பாவி. கட்டின புருஷன் மண்டையை உடைச்சேன். பானையையும் சேத்து எறிஞ்சிருக்கலாமேன்னு ராத்திரி பூரா ஏங்கினேன். இப்பக்கூட அந்த ஏக்கம் முழுசாப் போகல."

சபையே எழுந்து நின்று கையை உயர்த்தியது. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதைத் தேர்தலுக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா அக்கா? உங்களுக்கே போட்டிருப்போமே" என்று கிளெயூசா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நொயேமியாவின் பார்வை வாசல் வழியே தெரிந்த பாலத்தின் மேல் இருந்தது. கைப்பிடி இல்லாத அதன் மேல் சனங்கள் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஜெனிவால்டோ மட்டும் நெற்றிப் புடைப்பை எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னார்: "அடுத்த தேர்தல்ல இவதான் மேயர். பிரசாரத்தை நான் ஆரம்பிச்சு வெச்சுட்டேன்."