பீலிக்கரை மரத்து இலை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த இதே கையால் பட்டிப்பொலப் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் மருந்துச் சுருட்டு செய்து கொடுத்தேன். மூச்சிழுப்பு வந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் இந்தச் செல்லசாமி வாசலுக்குத்தான் வருவான். இதை மறுக்க ஒருத்தன் பிறக்கவில்லை.

நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைக்குப் பின்னால் எல்லாரும் லீக்ஸ் போட்டார்கள். நான் ஆடாதோடையும் தூதுவளையும் போட்டேன். ஒரு மூலையில் சாக்கு மறைப்புக் கட்டி ஊமத்தை. அந்தக் குளிருக்கு வராது என்றார்கள். வரவைத்தேன். இலைகளை அடுப்புக்கு மேலே காயவைத்து, ஓமத்தோடு கசக்கி, சோளத் தோகையில் சுற்றுவேன். ஊமத்தை மட்டும் சிட்டிகைதான். அதில் கை தவறினால் இழுப்பு நிற்காது, மூச்சே நின்றுவிடும். அதனால் அளந்துதான் கொடுப்பேன். கூடக் கேட்டால் ஏசி அனுப்புவேன்.

ஐம்பத்தாறாம் வருஷம், தை மாதம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து தேயிலை மலைக்கு ஏறும் நேரத்தில் கீழ் லயத்தில் கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால், சோலைமலை வாசலில் நின்று வெறும் காற்றைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருக்கிறான். கையில் கத்தி இல்லை. குனிகிறான், வெட்டுகிறான், அடுத்த செடிக்கு நகர்கிறான். முகம் நெருப்பாய்ச் சிவந்து, உதடு காய்ந்து வெடித்து, கண் முழுக்கக் கறுப்பு. அவன் என் சுருட்டு குடிக்கிற இழுப்புக்காரன்.

"முனி அடிச்சிருச்சு," என்றார் இராமையா கங்காணி. "மொளகாய நெருப்புல போட்டு மூஞ்சிக்கு நேரா காட்டுங்க. எறங்கிரும்."

சட்டியில் தணல் வந்துவிட்டது.

பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது, இது ஊமத்தை. முனிதான் என்று நானும் தலையாட்டினால் என் பேர் தப்பும். இழுப்புக்காரன் நெஞ்சில் மிளகாய்ப் புகை ஏறினால் சோலைமலை தப்பமாட்டான்.

சட்டியை எட்டி உதைத்தேன். தணல் சிதறியது.

"முனியுமில்ல, மண்ணுமில்ல. ஊமத்த வெசம் இது. தூக்குங்க ஆஸ்பத்திரிக்கு!"

"ஓஹோ! அப்ப ஒன் சுருட்டுதானா, பெரிய வைத்தியரே?" கங்காணி என் சட்டையைப் பிடித்தார். "இவன் செத்தான்னா ஒன்னையும் அதே குழியில எறக்குவேன்."

"எறக்குங்க. மொதல்ல அவன் கையப் பிடிங்க, ஆத்துப் பக்கம் ஓடப் பாக்குறான்."

கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்போதும் அவன் விரல்கள் வெட்டிக்கொண்டே வந்தன. கூட ஓடிவந்த அவன் பெண்சாதி பூரணியைக் கேட்டேன்.

"நான் குடுத்ததுல இது வராது. வேற என்ன குடிச்சான்?"

"அது முடிஞ்சிருச்சுங்கண்ணே. திரும்பக் கேட்டா ஏசுவீங்கன்னு..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "தண்ணி புடிக்கிற பீலிக்கிட்ட மரமா நிக்குதே, வெள்ளப் பூவு தொங்குமே, அதுவும் ஊமத்ததானேன்னு நானே சுத்திக் குடுத்தேன்."

"எவ்வளவு எல?"

"கை நெறைய."

இன்னும் வேகமாய் ஓடச் சொல்லிக் கத்தினேன். என் செடியின் பூ வானத்தைப் பார்க்கும். அந்த மரத்துப் பூ தரையைப் பார்க்கும். அதன் வேகம் எனக்கே பிடிபடாதது. அதனாலேயே நான் தொட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரய்யாவிடம் எந்த இலை, எவ்வளவு என்று ஒளிக்காமல் சொன்னேன். கங்காணி பூரணியை நோக்கிக் கையை ஓங்கினார். குறுக்கே நின்றேன்.

"அடிக்கணும்னா என்னைய அடிங்க. அவ புருசனக் காப்பாத்தத்தானே பாத்தா."

டாக்டரய்யா மருந்து கொடுக்க, சோலைமலையைக் கட்டிலோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மதியம் மூச்சு ஒருமுறை அறுந்து அறுந்து வந்தது. பூரணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கங்காணி என்னையே பார்த்தார். நான் சோலைமலையின் நெஞ்சை விட்டுக் கண் எடுக்கவில்லை. பொழுது சாயும்போதுதான் கை அடங்கியது. கண்ணைத் திறந்தான்.

"தண்ணி," என்றான். பிறகு, "மல வெட்டி முடிஞ்சிருச்சே, சம்பளத்துக்கு எனக்கு முழுப்பேர் போட்டாச்சா?"

கங்காணி சிரித்துவிட்டு அழுதார்.

அதற்குப் பிறகு எவர் கையிலும் சுருட்டைக் கொடுத்தனுப்பவில்லை. என் வாசலில் உட்கார்ந்து என் கண் முன்னால்தான் குடிக்க வேண்டும். எந்நேரமும் வரலாம். முதலில் வந்தவள் பூரணி, புருஷனைக் கையில் பிடித்துக்கொண்டு.

"ஏசுறதுன்னா ஏசிக்கிட்டே சுத்துங்கண்ணே," என்றாள். "இவருக்கு இழுக்குது."