வாத்தியாரின் நார்மல் ரத்தம்

"சார், ஃபிளாஸ்க்குல டீ இருந்தா புள்ளைக்கு ரெண்டு வாய் குடுங்களேன்" என்று அரியலூர் பஸ்ஸில் ஓர் அம்மா கேட்டதும், வாத்தியார் பொய் சொல்லத் தெரியாமல், "ரத்தம்ங்க" என்று சொல்லிவிட்டாராம். அதன்பின் அந்த சீட்டில் அவர் மட்டும்தான். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எண்பதுகளில் நான் பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அவர் அரியலூரில் கெமிஸ்ட்ரி வாத்தியார். டாக்டர் பட்டத்துக்காக ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் சீரம். அதில் என்சைம் பூசிய பிளாட்டினம் கம்பியை விட்டால், சர்க்கரைக்குத் தக்கபடி மீட்டரின் முள் நகர வேண்டும். இன்று விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம். அன்று எங்களுக்கு அது பெரிய கனவு. ஆஸ்பத்திரி டாக்டரின் அனுமதியோடு, சோதனையில் மிஞ்சிய சீரத்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வைத்து, ஒப்பிட்டுப் பார்க்க என் ரிசல்ட்டையும் எழுதிக் கொடுப்பேன்.

எட்டு மாதமாக முள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. சர்க்கரையால் கால்புண் ஆறாமல் கிடந்தவரைக்கூட 'நார்மல்' என்றது. முதலில் கம்பியைத் திட்டினார், பிறகு கரண்ட்டை, கடைசியில் என்னிடம் வந்தார்.

"ஏம்மா, ஒங்க ரிசல்ட்டுதான் தப்போ?"

எனக்குச் சுர்ரென்றது. என் ரிசல்ட்டை நம்பித்தான் டாக்டர் மருந்தே எழுதுகிறார்.

"நார்மலுக்கு யார் ரத்தத்தை வெச்சு முள்ளை நிறுத்துறீங்க சார்?"

"என்னோடதுதான். எனக்கென்ன கேடு?" என்றபடி என் பானையிலிருந்து மூன்றாவது டம்ளர் தண்ணீரைக் குடித்தார்.

அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கையை நீட்டுங்க" என்றேன்.

அன்று வார்டில் இருந்த எல்லோரையும்விட அவருக்குத்தான் சர்க்கரை அதிகம். எப்படிச் சொல்வதென்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப என் மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு! தப்பு என் ரத்தத்துலதான்!"

துள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியவரை டாக்டர் வாசல்வரை துரத்திப் பிடித்து, அட்மிட் செய்தார்.

அடுத்த மாதம், இளைத்துப்போய், மாத்திரை டப்பாவோடு வந்தார். "புது நார்மல் ஒண்ணு வேணுமேம்மா" என்று என் கையைப் பார்த்தார். "நாளைக்கு வாங்க சார்" என்று அனுப்பினேன். அவர் தலை மறைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, முதலில் என் ரத்தத்தை நானே சோதித்துப் பார்த்துக்கொண்டேன்.