குறை சொல்லாத மனுஷன்

கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்தத் தெருவில் வைத்திருந்த பெயர் ‘இடைவேளை’. படத்துக்குப் போனால் அதற்கு மேல் உட்கார மாட்டார். விளக்கு எரிந்ததும் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, “நீ இருந்து பாத்துட்டு வாம்மா, முடிவு எனக்கே தெரியும்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். போனவர் வீட்டுக்கும் போக மாட்டார். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, பார்த்த அரைப் படத்துக்கு முழு விமரிசனம் சொல்லிக்கொண்டிருப்பார். அழுது சிவந்த கண்ணோடு அவள் வந்து முடிவைச் சொன்னால், “நான் அப்பவே சொல்லல?” என்பார். சொல்லியிருக்கவே மாட்டார்.

கடையில் இன்னும் மோசம். கண் பார்க்க வருகிறவர்கள் தாடையை இயந்திரத்தில் வைத்து அசையாமல் இருக்க வேண்டும் என்பது அவருக்கு ரொம்ப வசதி. “உள்ளே ஒரு சின்ன வீடு தெரியுதா? அதையே பாருங்க. நேத்து அந்தத் துப்பறியிற தொடர் பாத்தீங்களா? கொலை நடந்த வீட்டுக்குள்ள டார்ச் அடிச்சுக்கிட்டே போறான். சுவத்துல சுவிட்ச் இருக்கு. எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியுது, அவனுக்குத் தெரியல. கூட்டிட்டு வாங்க, அவன் கண்ணையும் பாத்துடறேன்.”

எல்லாவற்றையும்விட அவருக்கு ஆத்திரம் வருவது நடிகர்கள் போட்டுக்கொள்ளும் வெறுங்கண்ணாடியில்தான். “அறுபது வயசு வாத்தியாராம். கண்ணாடிக்குப் பவரே இல்ல. பவர் இருந்தா கண்ணாடி வழியா கன்னத்து ஓரம் விலகித் தெரியாதா? இது சன்னல் கண்ணாடி. இவன் எங்க பாடம் நடத்தப்போறான்?”

கடையின் பின்பக்கம் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தருகே உட்கார்ந்திருக்கும் மனைவி நேர்மாறு. அழ வைத்தால் நல்ல படம், சிரிக்க வைத்தால் நல்ல படம், தூங்கிப்போனால், “பாவம், நல்லாத்தான் எடுத்திருக்காங்க, எனக்குத்தான் அசதி.” அதனால் அவள் கருத்தை யாரும் சட்டை செய்வதில்லை. “அது இருக்கட்டும் அக்கா, அண்ணன் என்ன திட்டினாரு?” என்றுதான் கேட்பார்கள். அவர் எதைக் குறைவாகத் திட்டினாரோ அதற்கு டிக்கெட் எடுப்பார்கள். “ஒண்ணே ஒண்ணையாவது நல்லா இருக்குன்னு சொன்னா வாய் கோணிக்குமா?” என்று அவளும் சலித்திருக்கிறாள்.

ஒருநாள் காலை, கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்து ஸ்குரூடிரைவர் நழுவியது. “பாத்துப் பண்ணுங்க” என்று நிமிர்ந்தவள், வாய் ஒரு பக்கமாக இழுத்திருப்பதைக் கண்டாள். தான் சொன்ன அந்தப் பேச்சு ஞாபகம் வந்து ஆம்புலன்ஸில் அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். கூட ஏறி வந்த பக்கத்துக் கடைக்காரர்கள்தான் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

உயிர் பிழைத்தது. கால் வந்தது. கை பாதி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. சொல்வது எல்லாம் புரிந்தது, பதிலுக்கு ஒரு சொல் எழவில்லை. பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்து குடை, நாற்காலி, சாவி என்று படம் காட்டினாள். அவர் ஒவ்வொன்றையும் பார்த்துச் சிரித்தார். அடுத்த படத்துக்கும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் மனைவியை உலுக்கியது. அவருக்கு முன்னால் இப்போது என்ன ஓடினாலும் தலையாட்டிச் சிரித்தார். கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கும் அத்தையின் முகத்தை மூன்று தடவை காட்டும் தொடருக்கும் சிரித்தார். “அப்பா எவ்வளவு சாந்தமாயிட்டாரு பாரும்மா” என்று மகள் சந்தோஷப்பட்டாள். அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. பேச்சு வராவிட்டால் போகிறது, இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொள்வாள். ஆனால் உள்ளே இருக்கிற ஆளே மாறிப்போயிருந்தால்? அதை யாரிடம் கேட்பது?

“ஐயாவுக்கு எதைப் பத்திப் பேசப் பிடிக்கும்மா?” என்று பயிற்சிக்காரப் பெண் கேட்டாள்.

“பேச எல்லாம் பிடிக்காது, குறை சொல்லத்தான் பிடிக்கும்.”

“அப்ப அதுக்கு வழி பண்ணுங்க.”

அன்று முதல் அவள் பொய் சொல்லத் தொடங்கினாள். இருப்பதிலேயே அடாசான படம் எது என்று மகளிடம் விசாரித்து அதைப் போட்டாள். மூன்று குண்டு பாய்ந்த கதாநாயகன் சாகாமல் அம்மாவைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். “என்ன ஒரு நடிப்புங்க! உயிர் போற மாதிரியே இருக்கு!” என்றாள். அவர் தலையாட்டினார். சீரியல் அத்தை எட்டிப் பார்க்கும்போதெல்லாம், “இப்படியொரு திருப்பத்தை யாராவது நினைச்சிருப்பாங்களா?” என்று வியந்தாள். அதற்கும் தலையாட்டினார். அவளுடைய பொய்க்கு அவளே வெட்கப்பட்டாள். கடையில் யாராவது, “அண்ணன் என்ன சொல்றாரு?” என்று கேட்டால், “பாத்துக்கிட்டிருக்காரு” என்று சொல்லி உள்ளே போய் இயந்திரத்தை ஓடவிடுவாள். சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகளும் இருந்தாள், பயிற்சிக்காரப் பெண்ணும் வந்திருந்தாள். டிவியில் ஒரு வாத்தியார் கதை. பரிசெல்லாம் வாங்கிய படமாம். வாத்தியார் நடந்தார், நின்றார், வானத்தைப் பார்த்தார், மறுபடி நடந்தார். அவளுக்கே கொட்டாவி வந்தது. இருந்தாலும் கடமையை விடவில்லை. “எவ்வளவு அழகா நடக்கிறாருங்க! அந்தக் கண்ணாடிதான் அவருக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு!”

அவர் அவள் பக்கம் திரும்பினார். உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, பாரம் தூக்குகிறவர் மாதிரி மூச்சைப் பிடித்தார்.

“ந... நல்லா...”

பயிற்சிக்காரப் பெண் அவர் முகத்தருகே குனிந்தாள்.

“நல்லா... இருக்கு.”

மகள் ஓவென்று கத்திக்கொண்டு அவர் காலைக் கட்டிக்கொண்டாள். பயிற்சிக்காரப் பெண் கை தட்டினாள். “ரெண்டு வார்த்தைம்மா! கேட்டீங்களா? ரெண்டு வார்த்தை!” மகள் அதற்குள் தன் வீட்டுக்காரரை ஃபோனில் பிடித்துவிட்டாள்.

மனைவி மட்டும் உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தாள். பேச்சு வந்துவிட்டது, நல்லதுதான், கடவுள் புண்ணியம். ஆனால் இந்தப் படத்தை, இந்தக் கண்ணாடியை, நல்லா இருக்கு என்று சொல்கிறவர் யார்? இவரோடு இத்தனை வருஷம் அவள் குடும்பம் நடத்தவில்லையே. எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது இதைச் சொல்லி அழ முடியுமா? தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்தாள்.

அவர் அவள் சேலை நுனியைப் பிடித்தார். பாதி வந்த வலது கையால். முகம் சிவந்திருந்தது. இன்னும் முடியவில்லை என்பதுபோல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்.

“என்னங்க? தண்ணியா? முதுகு வலிக்குதா?”

கண்ணை இறுக மூடித் திறந்தார். மறுபடியும் அந்தப் பாரத்தைத் தூக்கினார்.

“தூ... தூங்க.”

“தூக்கம் வருதாப்பா? படுக்கிறீங்களா?” என்று மகள் பதறி டிவியை அணைக்க ஓடினாள்.

“அணைக்காத, இருடி!” என்றாள் அவள்.

அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோணிய வாயின் நல்ல பக்கம் மெல்ல மேலே ஏறியது. அது படம் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவள் வருவதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

நல்லா இருக்கு, தூங்க.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது. அவர் மடியில் முகத்தைப் புதைத்து, “பாவி மனுஷா, பாவி மனுஷா, வந்துட்டீங்களா” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முதலில் வந்த இரண்டு வார்த்தைக்குத்தான் எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா நன்றி சொன்னது மூன்றாவதற்கு.